பேச்சியின் வரவேற்புரை

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோம்மா. எனக்கு வெயில் ஆகாது. திருநெல்வேலிக்குத்தானே? நானும் அங்கதான். ஒன்றரை மணி நேரம் ஆக்குவான் இந்த பஸ்காரன்.

உன்னை மேடையில பாத்தேன். எல்லாரும் பேசுறதைக் கையால போட்டுக் காட்டினது நீதானே? கலெக்டரம்மா அவ்வளவு வேகமாப் பேசினாங்க, நீ மளமளன்னு போட்டுக்கிட்டே வந்தே. உனக்குத்தான் காது கேக்குது, வாய் பேசுது, அப்புறம் இதை எங்க கத்துக்கிட்டே? அம்மா அப்பா ரெண்டு பேருக்குமே காது கேக்காதா? அடடா. அப்போ நீ பேசுறதுக்கு முன்னாடியே கைதான் பேசியிருக்கும். சரி சரி.

என்னைத் தெரியும்ல? மூணாவதா சால்வை போட்டாங்களே. சௌந்தரவல்லி டீச்சர். காது கேக்காத பிள்ளைங்களுக்கான அந்தப் பள்ளிக்கூடத்துல முப்பத்து மூணு வருஷம் வேலை பாத்தேன். இன்னிக்கு விழா எடுத்தாங்களே, உயர்நிலைப் பள்ளியாகி நாப்பது வருஷம்னு, அந்த உயர்நிலைப் பள்ளி எப்படி வந்துச்சுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா? அரசாணை நம்பரைச் சொன்னாங்க, தேதியைச் சொன்னாங்க. அரசாணை தன்னால வருமா? ஒரு பொண்ணு கேட்டு வாங்கினது அது. வாயால கேட்டு.

நான் மேடைக்குக் கூப்பிட்டேனே, பச்சைப் புடவை, முன்நெத்தி எல்லாம் நரைச்சு, அவதான். பேச்சியம்மாள். அவ குலதெய்வம் பேச்சி, பொறந்ததும் அந்தப் பேரை வச்சுட்டாங்க. காது கேக்காதுன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பேரை மாத்தவா முடியும்?

எனக்கு என்ன வருத்தம்னா, அவ இன்னிக்கு வாயைத் திறந்து ஒரு வணக்கம் சொல்லலை. ஒரே ஒரு வணக்கம். அந்த வணக்கத்தை அவ தொண்டையில இருந்து எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாப்பது வருஷம் கழிச்சுப் பாக்குறோம், ஒரு வார்த்தை. சொன்னா என்ன கொறைஞ்சா போயிடுவா?

நீ கேளு, நான் சொல்றேன். உனக்கும் தெரியணும்.

எண்பத்து மூணுல அது வெறும் நடுநிலைப் பள்ளிதான். எட்டாம் வகுப்போட சரி. கவர்மென்ட் எல்லாம் குடுத்துச்சு, இல்லைன்னு சொல்லக் கூடாது. ஹாஸ்டல், சாப்பாடு, ரெண்டு செட் யூனிபாரம், நெஞ்சுல பெல்ட் போட்டுக் கட்டுற காது மிஷின். எட்டு முடிச்சுட்டா? வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எட்டு, ஒம்பது வருஷம் எங்ககூட இருந்துட்டு, ஒரு நாள் மே மாசத்துல பெட்டியைத் தூக்கிட்டுப் போவாங்க. பையன்களை எங்கயாவது பிரஸ்ல, தையக்கடையில சேத்து விடுவாங்க. பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னே தெரியாது.

எங்க ஹெட்மாஸ்டர் ஞானதிரவியம் சார் ஏழு வருஷமா எழுதிக்கிட்டே இருந்தார், பள்ளியைத் தரம் உயர்த்தணும்னு. ஏழு வருஷமும் ஒரே பதில். பரிசீலனையில் உள்ளது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி விழா. ஜனவரியில அமைச்சர் வர்றதுக்கு ஒத்துக்கிட்டார். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கே சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், மனுப் போட்டா மனு மேல மனு விழும். ஒரு பிள்ளையைப் பேச வைங்க. காது கேக்காத பிள்ளை அவர் முன்னால நின்னு வாயால கேக்கட்டும். எந்த மனுஷன் முடியாதும்பான்?"

நான் மெட்ராஸ்ல ஒரு வருஷம் அதுக்குன்னே பயிற்சி எடுத்துட்டு வந்தவ. முப்பது வயசு. முடியும்னு சொன்னேன்.

பேச்சியை நான்தான் எடுத்தேன். அவளுக்கு இடது காதுல துளி மிச்சம் இருந்துச்சு. பின்னால நின்னு தட்டைப் போட்டா லேசாத் திரும்புவா. குரலும் மத்த பிள்ளைங்க மாதிரி கரகரன்னு இருக்காது. பதினாறு வயசு, எட்டாம் வகுப்பு. ஆமா, பெரிய பொண்ணுதான். எல்லாருமே லேட்டாத்தான் வந்து சேருவாங்க. அவ அப்பா உப்பளத்துல வேலை. ஊருக்கு யாரோ ஒரு நர்ஸம்மா வந்து, இப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, சோறு போட்டுச் சொல்லிக் குடுப்பாங்கன்னு சொல்லி, எட்டு வயசுல கொண்டு வந்து விட்டாரு. அன்னிக்கு அவர் என்கிட்டயா கேட்டார், எனக்கு முன்னால இருந்த டீச்சர்கிட்ட கேட்டாராம், "எம்மவ ஒரு தடவை அப்பான்னு சொல்லிருவாளா?"

பேச்சு என்னன்னா, அஞ்சு வாக்கியம். நான்தான் எழுதினேன். இன்னும் மனப்பாடமா இருக்கு. மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளிக்கு இன்று வயது இருபத்தைந்து. இங்கே எட்டாம் வகுப்பு வரைதான் இருக்கிறது. நாங்கள் மேலும் படிக்க ஆசைப்படுகிறோம். எங்களுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி தாருங்கள்.

இருபத்து மூணு வார்த்தை. உனக்கும் எனக்கும் அரை நிமிஷம். அவளுக்கு எட்டு மாசம்.

காலையில பிரேயர் முடிஞ்சா நேரா என் ரூம். சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும். கண்ணாடி முன்னால ரெண்டு பேரும் உக்காந்துக்குவோம். "ப" வரணும்னா உதட்டுக்கு முன்னால ஒரு துண்டுப் பேப்பரைப் பிடிப்பேன், பேப்பர் ஆடணும். "ம" வரும்போது ஆடக் கூடாது. ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும், பாத்தா வித்தியாசமே தெரியாது. அப்பாவும் அம்மாவும் அவங்க கண்ணுக்கு ஒண்ணுதான் பாத்துக்கோ. "க" வர்றதுக்கு ஸ்பூன் காம்பால நாக்கைப் பின்னால தள்ளணும். ஓங்கரிப்பா, கண்ணுல தண்ணியா வரும், துடைச்சுட்டுத் திரும்ப வாயைத் திறப்பா. மாட்டேன்னு ஒரு நாள் சொன்னதில்லை. மாண்புமிகு மட்டும் மூணு வாரம் ஆச்சு. மாம்புமிகு, மாம்புமிகுன்னே வரும். எனக்குச் சில நாள் சிரிப்பா இருக்கும், சில நாள் அழுகை வரும்.

என் தொண்டையில கையை வச்சுத்தான் கத்துக்கிட்டா. இந்த இடத்துல. நான் சொல்லும்போது எப்படி அதிருதுன்னு பாத்துட்டு, அதே கையை அவ தொண்டையில வச்சுப் பாப்பா. எட்டு மாசம் அவ விரல் என் தொண்டையில இருந்துச்சு. என் பையன் அப்போ ரெண்டு வயசு, மாமியார்கிட்ட விட்டிருந்தேன். அவன்கூட என்னை அவ்வளவு தொட்டது கிடையாது.

கையா? கை கூடாதும்மா. அப்போ அதுதான் முறை. கை பேசினா வாய் பேசாதுன்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லிச் சொல்லி அனுப்பினாங்க. வராந்தாவுல போர்டே எழுதி மாட்டியிருந்தோம், "வாயால் பேசு." அவங்களுக்குள்ள ஹாஸ்டல்ல என்ன பண்ணிக்கிட்டாங்களோ, அது எனக்குத் தெரியாது. என் ரூமுக்குள்ள கையைத் தொடைக்கு அடியில வச்சுத்தான் உக்காரணும். நான் அடிச்சதில்லை. யாரை வேணாலும் கேளு. கை மேல வந்தா ஸ்கேலால புறங்கையில லேசா ரெண்டு தட்டு, அவ்வளவுதான். ஞாபகப்படுத்துறதுக்கு.

இன்னிக்கு என்னடான்னா டிவியில நியூஸ் வாசிக்கும்போது மூலையில ஒரு பொண்ணு நின்னு கையை ஆட்டுது. சைகைக்கு அகராதி போட்டிருக்காங்களாம். பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுக்குறாங்களாம். விழாவுல ஒரு சின்ன டீச்சர் என்கிட்ட வந்து, "மேடம், முப்பத்து மூணு வருஷத்துல நீங்க சைன் கத்துக்கவே இல்லையா?"ன்னு கேக்குறா. அன்னிக்குக் கையைக் கட்டுன்னு சொன்னதும் கவர்மென்ட்தான். இன்னிக்கு ஏன் கட்டினேன்னு கேக்குறதும் கவர்மென்ட்தான். நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?

விடு. எங்க விட்டேன்?

ஆங், எங்க கணக்கு சாரைச் சொல்லணும். அவர் ஒருத்தர்தான் அப்பப்போ வந்து வாசல்ல நிப்பார். "டீச்சர், அந்தப் பிள்ளை கணக்குல கெட்டி. என் வகுப்புல அவதான் முதல்ல போட்டுக் காட்டுவா. ஒரு பீரியடாவது அனுப்புங்க." நான் சொல்லுவேன், ஜனவரி முடியட்டும் சார், அப்புறம் முழுசா உங்ககிட்டயே தந்துடுறேன். அறிவியல், வரலாறு எல்லாத்துக்கும் அதே பதில்தான். ஜனவரி முடியட்டும்.

அர்த்தமா? நல்லாக் கேட்டே. அர்த்தமும் சொல்லணும்னுதான் நினைச்சிருந்தேன். முதல்ல சத்தம் வரட்டும், அர்த்தத்தை அப்புறம் சொல்லிக்கலாம்னு. வாயாலயே எப்படிப் புரிய வைக்க, தரம் உயர்த்துறதுன்னா என்ன, அமைச்சர்னா யாருன்னு? படம் போட்டுக் காட்டவா முடியும்? அவளுக்கு எழுத்து அழகா இருக்கும். அஞ்சு வாக்கியத்தையும் நோட்டுல முத்து முத்தா எழுதி வச்சிருந்தா. பாத்து எழுதினதுதான்.

ஜனவரி வந்துச்சு. விளையாட்டு மைதானத்துல ஷாமியானா. பதினோரு மணிக்கு வர வேண்டிய அமைச்சர் ரெண்டு மணிக்கு வந்தார். பேச்சி புதுத் தாவணியில மேடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்தா. உக்காருன்னாலும் உக்காரலை, தாவணி கசங்கிடுமாம். அப்பாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். கடைசி வரிசையில துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார்.

மைக் முன்னால போய் நின்னா. என்னைப் பாத்தா. நான் முதல் வரிசையில உக்காந்து தொண்டையில கை வச்சுக் காட்டினேன், ஆரம்பின்னு.

சொன்னாம்மா. அஞ்சு வாக்கியமும். மாண்புமிகு, மாண்புமிகுன்னே வந்துச்சு. இருபத்தைந்துல ஒரு சின்னத் திக்கல், வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது. தாருங்கள்னு முடிச்சதும் கைத்தட்டல், நிக்கவே இல்லை. அமைச்சர் கண்ணாடியைக் கழட்டிட்டுத் துண்டால கண்ணைத் துடைச்சார். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. தேம்பித் தேம்பி அழுதேன், முந்தானையை வாயில வச்சுக்கிட்டு. அவ மேடையில நின்னு என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா.

அமைச்சர் எழுந்து அப்படியே மைக்குல சொல்லிட்டார், வர்ற ஜூன்ல இருந்து இது உயர்நிலைப் பள்ளின்னு. அப்புறம் என்ன, போட்டோ, மாலை, பத்திரிகைக்காரங்க. ஆளாளுக்கு என்னைப் பிடிச்சு இழுக்குறாங்க. அமைச்சர் என் பக்கத்துல நின்னு, எப்படிம்மா சாதிச்சீங்கன்னு கேக்குறார். மறுநாள் பேப்பர்ல படத்தோட வந்துச்சு. பேச்சியை அன்னிக்குச் சாயங்காலம் பாக்கவே முடியலை. மறுநாளும் இல்லை. ஹெட்மாஸ்டர் என்னை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போனார், பாராட்டு விழான்னு. அவளை வகுப்புக்கு அனுப்பிட்டேன். சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணும்ல, கணக்கு சார்கிட்ட.

ஏப்ரல்ல பரிட்சை. மூணு பாடத்துல பெயில். எட்டு மாசப் பாடத்தை ரெண்டு மாசத்துல எப்படிப் பிடிப்பா? கணக்குலயும் பெயில். அதுதான் எனக்கு ஆச்சரியம். பேப்பர்ல பாதி வெறுமனே இருந்துச்சாம்.

ஒம்பதாம் வகுப்பு புதுசு. இருபது சீட்டுத்தான். முதல் பேட்ச் எஸ்.எஸ்.எல்.சி.யில நல்ல ரிசல்ட் காட்டணும், இல்லைன்னா குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவாங்கன்னு பயம். எட்டாவதையே திரும்பப் படிக்கலாம்னா பதினாறு தாண்டினவங்களுக்கு ஹாஸ்டல்ல இடம் இல்லைன்னு ஒரு சட்டம். என்ன பண்ண? மேல இருக்கிறவங்க முடிவு பண்ணிட்டாங்க.

மே மாசம் அவ அப்பா வந்தார், மஞ்சள் பையோட. "டீச்சரம்மா, புதுப் பள்ளிக்கூடம் வந்துருச்சுன்னாகளே, எம்மவ அதுல இல்லையா?"ன்னு கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டார். அவங்கள்லாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

பேச்சி பெட்டியைத் தூக்கிட்டு என் ரூம் வாசலுக்கு வந்தா. நான் போயிட்டு வான்னு உதட்டை நல்லா அசைச்சுச் சொன்னேன். அவ பெட்டியைக் கீழ வச்சா. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நேரா நின்னா. நின்னுக்கிட்டு, "மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்"னு ஆரம்பிச்சு அஞ்சு வாக்கியத்தையும் சொல்லி முடிச்சா. ஒரு பிசிறு இல்லை. அன்னிக்குத் திக்கின இருபத்தைந்துகூடச் சுத்தமா வந்துச்சு. முடிச்சுட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. எவ்வளவு பாசம் இருந்தா, போகும்போது நான் கத்துக் குடுத்ததை எனக்கே சொல்லிக் காட்டிட்டுப் போவா? கன்னத்தைத் தட்டிக் குடுத்தேன். அப்பாகூட அனுப்பி வச்சேன்.

அடுத்த வருஷம் எனக்கு விருது குடுத்தாங்க. வாங்கும்போது அவளைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் அங்க அளத்துல உப்பு வார வேலைக்குப் போனாளாம். கல்யாணம் ஆச்சாம், காது கேக்குற பையனுக்குத்தான் குடுத்தாங்களாம். வீட்டுல யாருக்கும் கைப்பேச்சு தெரியாது. அவளும் வாயைத் திறக்குறது இல்லை. இதெல்லாம் இன்னிக்குத்தான் அவ மகன் சொன்னான். நாலு வருஷம் முன்னாடி அவன் போன் வாங்கிக் குடுத்து, பழைய ஹாஸ்டல் பிள்ளைங்க யாரோ அவளைக் கண்டுபிடிச்சு, அதுக்கப்புறம்தான் வீடியோவுல இவங்களோட பேசுறாளாம். அதுவரைக்கும் முப்பத்தாறு வருஷம்... சரி விடு.

அதனாலதான் இன்னிக்கு அவளைக் கூட்டத்துல பாத்ததும் எனக்கு ஒரு வேகம். என் முறை வந்ததும் மைக்குல சொன்னேன், இந்தப் பள்ளியை வாங்கிக் குடுத்தவ அங்க உக்காந்திருக்கா, அவளை மேல கூட்டிட்டு வாங்கன்னு. வந்தா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, பேச்சி, அன்னிக்குச் சொன்னியே, அதுல முதல் வரியை மட்டும் சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும்னு சொன்னேன். நீதான் கையால போட்டுக் காட்டினே. அவ தலையை இப்படி அசைச்சா, மாட்டேன்னு. என் கையில இருந்து அவ கையை உருவிக்கிட்டா. அப்புறம் புறங்கையில ரெண்டு தட்டு தட்டினா. அது நான்தான், தெரியுமா? எனக்கு அவங்க வச்ச பேர் அது. நான் அப்போ வாட்ச் கட்டியிருப்பேன், அதான் மணிக்கட்டுக் கிட்டத் தட்டுவாங்க. ஏன், வாட்ச் இல்லையா? சரி, என்னமோ. அதைத் தட்டிட்டு, மடமடன்னு கையால என்னென்னமோ சொன்னா. ரெண்டு நிமிஷம் இருக்கும். கீழ உக்காந்திருந்த பழைய பிள்ளைங்க எல்லாம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீ மைக்குல சொன்னே, "டீச்சருக்கு வணக்கம், டீச்சர் நல்லா இருக்காங்களான்னு கேக்குறாங்க." நல்லா இருக்கேன்னு சொன்னேன். கைதட்டினாங்க. இறங்கிப் போயிட்டா.

என்னம்மா? அழுறியா என்ன?

சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

அவ அதைச் சொல்லலையா? வணக்கம் சொல்லலையா? அப்போ நீ சொன்னது?

ஏம்மா அப்படிப் பண்ணினே? கலெக்டரம்மா இருந்தாங்க, சரி. எனக்கு வயசாயிடுச்சு, தோள்ல சால்வை இருந்துச்சு, சங்கடப்படுத்த வேணாம்னு நினைச்சே, சரி. அதை நினைக்கிறதுக்கு நீ யாரு? அவ சொன்னதைச் சொல்றதுதானே உன் வேலை? நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து நின்னு ரெண்டு நிமிஷம் பேசியிருக்கா, அதை நீ...

சரி. நான் கத்தலை. கண்ணைத் துடைச்சுக்கோ. என்ன சொன்னா, சொல்லு.

"அன்னிக்கு நான் என்ன தப்பாப் பேசினேன்?"

அப்படியா கேட்டா?

இன்னும் இருக்கா? சொல்லு. எல்லாத்தையும் சொல்லு.

"நான் பேசி முடிச்சதும் டீச்சர் அழுதாங்க. அதுக்கப்புறம் என்னைப் பக்கத்துல சேக்கலை. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போற அன்னிக்கு எல்லாத்தையும் திரும்பச் சரியாச் சொல்லிக் காட்டினேன். அப்பவும் அனுப்பிட்டாங்க. அதனாலதான் நான் பேசுறதையே விட்டுட்டேன். எந்த வார்த்தை தப்புன்னு இப்பவாவது சொல்லுங்க."

இரும்மா.

தண்ணி வச்சிருக்கியா?

தப்பா? அவளா? ஒரு எழுத்து... ஒரு எழுத்துத் தப்பாச் சொல்லலையே அவ. பாசத்துலன்னுல்ல நான் நினைச்சேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாளே. கன்னத்தைத் தட்டிக் குடுத்தேனே நான். கன்னத்தைத் தட்டி அனுப்பி வச்சேனே.

அவ போன் நம்பர் இருக்கா உன்கிட்ட? போடு. இப்பவே போடு. வீட்டுக்குப் போயிட்டு எல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போனா நான் பண்ண மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். வீடியோவுல போடு. குடு, நான் பிடிச்சுக்கிறேன், உனக்கு ரெண்டு கையும் வேணும்ல.

வந்துட்டாளா? பேச்சி! பேச்சி, நான்தாம்மா, டீச்சர். பாரு, கத்துறேன், அவளுக்குக் கேக்கவா போகுது. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. பாத்துட்டுப் போகட்டும். அவளும் பஸ்லதான் போறாளா? மகன் பக்கத்துல இருக்கானா? சரி.

சொல்லு அவகிட்ட. நீ எதையும் தப்பாச் சொல்லலை. இருபத்து மூணு வார்த்தையும் சரி. டீச்சர் அழுதது சந்தோஷத்துல. சந்தோஷத்துக்கும் அழுவாங்கன்னு போடு. போட்டியா? வீட்டுக்கு அனுப்பினது... அது சட்டம் அப்படி இருந்துச்சு, பதினாறு வயசு தாண்டிட்டா...

இல்லை. அதைப் போடாதே. கையை இறக்கு. இரு.

ஞானதிரவியம் சார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரும்மா. மேல இருக்கிறவங்க யாரும் முடிவு பண்ணலை. அவர் என்கிட்டத்தான் கேட்டார். "டீச்சர், அது உங்க பிள்ளை. வயசு ஒரு மாசம்தான் தாண்டியிருக்கு, நான் எழுதி வாங்கிடுறேன். வச்சுக்கலாமா? நீங்க சொல்லுங்க." நான் யோசிச்சேன். அவ ஒம்பதாம் வகுப்புக்குப் போய், அங்க பெயில் ஆனா, இவளா அமைச்சர் முன்னால பேசினவன்னு கேப்பாங்களே. இவளுக்கா டீச்சர் விருது வாங்கினாங்கன்னு. என் பேர் அப்போ விருதுக்குப் போயிருந்துச்சு. வேண்டாம் சார், சட்டப்படி பண்ணுங்கன்னு சொன்னேன். பெயில் லிஸ்ட்டுல வகுப்பாசிரியர் கையெழுத்தும் என்னுதுதான்.

இதைப் போடு. டீச்சர்தான் வேண்டாம்னு சொன்னாங்க. ஹெட்மாஸ்டர் வச்சுக்கலாம்னார், டீச்சர் வேண்டாம்னாங்க. குறைக்காதே. அழகுபடுத்தாதே. நான் உன் கையையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

போட்டுட்டியா? எல்லாமேவா?

என்ன பண்றா? படம் ஆடுது, எனக்குச் சரியாத் தெரியலை. என்னையே பாக்குறாளா? இருக்கட்டும். அவ பாக்கட்டும். நான் முகத்தைத் திருப்பலை.

கேக்குறாளா? என்ன கேக்குறா? "அன்னிக்கு நான் என்ன பேசினேன்?"

அவளுக்குத் தெரியாதா? அர்த்தம் இன்னும்... ஆமா. எங்க தெரியும்? யார் சொன்னாங்க அவளுக்கு?

சொல்றேன். நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன், நீ போடு. பெரிய மனுஷனுக்கு வணக்கம்னு சொன்னே. எங்க பள்ளிக்கூடத்துக்கு இருபத்தஞ்சு வயசாயிடுச்சுன்னு சொன்னே. இங்க எட்டு வரைக்கும்தான் இருக்குன்னு சொன்னே. நாங்க... நாங்க இன்னும் படிக்க ஆசைப்படுறோம்னு சொன்னே. எங்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம் குடுங்கன்னு கேட்டே. அதைத்தான் கேட்டே. குடுத்தாங்க.

போட்டியா?

என்ன சொல்றா? கை நிக்க மாட்டேங்குதே. சொல்லும்மா, நீ ஏன் என்னைப் பாக்குறே? சொல்லு.

"அப்போ நான் நல்லாத்தான் கேட்டிருக்கேன்."

அப்படியா சொன்னா?

எங்க போயிட்டா? படத்தைக் காணோம். கட் பண்ணிட்டாளா? அவ ஊர் வந்துடுச்சா? இறங்கணுமாமா? சரி, சரி. இறங்கட்டும். பாத்து இறங்கட்டும்.

அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா? கை ரொம்ப நேரம் ஆடின மாதிரி இருந்துச்சே. திட்டலையா? திட்டியிருந்தாலும் சொல்லிடு. நீ ஒண்ணும் விட்டுடலையே?

விடலையா.

சரி.